ஆயிரத்து நூற்றேழுக்கு மேல்

“சென்னியப்பண்ணனுக்கு ஆயிரத்து நூத்தியேழுக்கு மேல ஒண்ணு கூட ஏறாதுக்கா. கட்டுன பொண்டாட்டியோட ஓட்டே வேற ஊர்ல கெடக்குது, அப்புறம் எங்கிருந்து ஏறும்?”

ஒன்பதாம் நம்பர் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இருந்த பெண், மடியில் வைத்திருந்த முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே பக்கத்தில் இருந்தவளிடம் இதைச் சொன்னாள். மழை வருமா வராதா என்று பேசுகிற குரல்தான் அது. அன்றைக்குத்தான் நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் தற்காலிகக் கணினி உதவியாளராகச் சேரப் போய்க்கொண்டிருந்தேன். சென்னியப்பன் யார், அது என்ன எண் என்று கேட்க வாய் வரை வந்தது. எனக்குத் தெரியாதவர்களிடம் பேச வராது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அலுவலகத்தில் எனக்குக் கொடுத்த முதல் வேலை, பழைய உள்ளாட்சித் தேர்தல் முடிவுகளைக் கணினியில் ஏற்றுவது. மூன்றாவது வார்டு, ஒன்றியக் கவுன்சிலர் பதவி, முதல் தேர்தல்: ஐந்து பேர் போட்டி, சென்னியப்பன், சுயேச்சை, பூட்டு சாவி சின்னம், ஆயிரத்து நூற்றேழு ஓட்டு, வெற்றி. இரண்டாவது தேர்தல்: மூன்று பேர் போட்டி, கைவிசிறி, ஆயிரத்து நூற்றேழு, பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி. மூன்றாவது தேர்தல்: இரண்டே பேர், ஏணி, ஆயிரத்து நூற்றேழு, தோல்வி. நான்காவது தேர்தல்: ஏழு பேர், சீப்பு, ஆயிரத்து நூற்றேழு, வெற்றி. நான்தான் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்துவிட்டேன் என்று பயந்து, பழைய தாள்களைத் தூக்கிக்கொண்டு தலைமை எழுத்தர் தண்டபாணி சாரிடம் போனேன்.

அவர் கண்ணாடியைக் கூட போடவில்லை. “தப்பில்லம்மா. அவருக்கு அவ்வளவுதான் விழும். அம்பது சீட்டு ஒரு கட்டு, இருவத்திரண்டு கட்டு, மேல ஏழு. மறு எண்ணிக்கை கேட்டு ரெண்டு தடவை எண்ணியாச்சு. நீ அடி.”

பெரியகாட்டுப்பாளையமும் அதை ஒட்டிய இரண்டு ஊர்களும் சேர்ந்ததுதான் மூன்றாவது வார்டு. முதல் தேர்தலுக்கும் நான்காவது தேர்தலுக்கும் நடுவே அங்கே நூற்பாலை வந்தது, ஆலைக்குப் பின்னால் புதுத் தெருக்கள் வந்தன, பட்டியல் தடித்தது, பழைய ஆட்கள் செத்தார்கள், பெண்கள் கட்டிக்கொண்டு வந்தார்கள், கட்டிக்கொண்டு போனார்கள், அந்த எண் மட்டும் மழைக்கும் ஏறாமல் வெயிலுக்கும் இறங்காமல் கல்லாக நின்றது. வார்டில் இதற்கு யாரும் ஆச்சரியப்படவில்லை. சென்னியப்பனுக்கு ஓட்டுப் போட்டவர் ஒருவர் கண்ணை மூடினால் அந்த ஓட்டு வேறொருவர் மேல் இறங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. யார் மேல் இறங்கும் என்பதுதான், வாக்குச்சாவடியின் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் முத்திரையைக் கையில் பிடிக்கும் வரை தெரியாது.

ஒவ்வொரு முறையும் அவரை எதிர்த்து நின்ற பொங்கியண்ணனின் சொந்த மருமகள், கல்யாணமாகி வந்த முதல் தேர்தலிலேயே சாவடியை விட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் இருந்த மாமனார் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாளாம்.

“மாமா, கை தானாப் போயிருச்சுங்க.”

“எறங்கிருச்சா?”

“ஆமாங்க மாமா.”

“செரி, நீ என்ன பண்ணுவே. போய் மோரு குடி, மொகமெல்லாம் வேர்த்திருக்குது.”

அதற்கு மேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு இல்லை. அவரவர் வீட்டில் யார் மேல் இறங்கியிருக்கிறது என்பதை, யாருக்கு இடதுகைப் பழக்கம் என்பதைப் போலத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

இறங்காதவர்களின் பாடுதான் சங்கடம். டெய்லர் மாரப்பனின் தெருவுக்குச் சாக்கடை கட்டிக் கொடுத்தவர் சென்னியப்பன். மாரப்பன் அதற்குப் பின் வந்த மூன்று தேர்தலிலும் அவருக்குப் போடவேண்டும் என்று குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு போனார். மூன்று தேர்தலிலும் முத்திரை வழுக்கிப் பக்கத்துச் சின்னத்தில் விழுந்தது. ஒவ்வொரு முறையும் அன்று சாயங்காலமே சென்னியப்பன் வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

“அண்ணா, இந்தவாட்டியும் எடம் இல்லீங்க.”

“பரவால்லீங்க மாரப்பா. அடுத்தவாட்டி பார்த்துக்கலாம்.”

வார்டில் யார் செத்தாலும் பாடைக்கு முதல் தோள் மாரப்பனுடையதாக இருக்கும். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. “மாரப்பண்ணனுக்கு இந்தத் தடவை கெடைச்சிரும் பாரு” என்று இழவு வீட்டுப் பெண்களே அழுகைக்கு நடுவில் சொல்வார்கள்.

பொங்கியண்ணன் இந்த எண்ணோடு சண்டை போடவில்லை, அதோடு வாழப் பழகிக்கொண்டார். எதிரில் நிற்பவர்கள் பல பேராக இருந்தால் மிச்ச ஓட்டுகள் சிதறிச் சென்னியப்பன் ஜெயிப்பார், ஒரே ஆளாக இருந்தால் தோற்பார். ஆகவே பொங்கியண்ணன் ஓட்டுக் கேட்டு அலைவதை விட, மனுப் போட்டவர்களின் வீடுவீடாகப் போய் வாபஸ் வாங்கச் சொல்லிக் கெஞ்சுவதில்தான் அதிகம் அலைந்தார். ஒரு முறை ஓட்டைச் சிதறடிக்கச் சென்னியப்பன் பக்கத்து ஆட்கள் வெளியூர் ஆள் ஒருவரைக் கூட்டிவந்து நிறுத்திப் பார்த்தார்கள், அவருக்கு நான்கு ஓட்டு விழுந்தது. தன் பெயர் பட்டியலில் இல்லாத வார்டில் ஒருவன் வந்து கும்பிட்டு நிற்பதை எங்கள் பக்கத்தில் யாரும் மதிப்பதில்லை.

சென்னியப்பன் வென்ற ஐந்தாண்டும் தோற்ற ஐந்தாண்டும் ஒரே மாதிரிதான் இருந்தார். ரெக்சின் பையில் மனுக்களோடு டிவிஎஸ் வண்டியில் எங்கள் அலுவலகத்துக்கு வருவார், மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார், பள்ளிக்குக் கழிப்பறை என்று மெதுவான குரலில் கேட்பார், என்னிடம் மனுவைத் தட்டச்சு செய்யக் கொடுத்தால் கூட “சிரமத்துக்கு மன்னிக்கோணும் அம்மிணி” என்பார். ஆனால் அவருக்கு ஒரு ஏக்கம் இருந்தது, வார்டு முழுவதும் அது தெரியும். ஓட்டு எண்ணும் மேசையில் இருபத்திரண்டு கட்டு முடிந்து, தனியாக ஏழு சீட்டும் முடிந்து, எண்ணுபவர் ரப்பர் பேண்டை எடுக்கும் போது, எல்லோரும் எழுந்துவிடுவார்கள், அவர் மட்டும் எழமாட்டார். இன்னும் ஒரு சீட்டு எங்கேயாவது ஒட்டிக்கொண்டு இருக்கும் என்பது போல எண்ணுபவரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த ஒரு சீட்டு யாருடையது என்பதும் வார்டுக்குத் தெரியும். அவர் மனைவி மயிலாத்தாளுக்குப் பிறந்த ஊர் ஊஞ்சக்காட்டுவலசு, அதே ஒன்றியத்தில் பதினோராவது வார்டு, இருபத்தேழு கிலோமீட்டர். கல்யாணமாகி வந்தபோது ரேஷன் அட்டையை மாற்றினார்கள், பாத்திரம் பண்டம் வந்தது, கறவை மாடு கூட கன்றோடு வந்தது, ஓட்டு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. தேர்தல் நாளன்று புருஷன் வார்டு முழுக்கச் சாவடி சாவடியாக ஓடிக்கொண்டிருக்க, அவள் தலைக்குக் குளித்துப் பட்டுச்சேலை கட்டி ஒன்பதாம் நம்பர் பேருந்து ஏறித் தனியாகப் போவாள். சாயங்காலம் விரலில் மையோடு திரும்பி வருவாள்.

அந்தப் பேருந்து சென்னியப்பன் முதல் முறை கவுன்சிலர் ஆனபோது பதினான்கு மனுப் போட்டு வாங்கியது. இந்தத் தடத்தால் வார்டுக்கு என்ன பிரயோசனம் என்று அதிகாரி கேட்டதற்கு, சனங்கள் சந்தைக்குப் போக ஆகும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த மனுவைக் கோப்பில் நானே பார்த்தேன். ஊஞ்சக்காட்டுவலசில் சந்தை கிடையாது.

நான் சேர்ந்த மூன்றாம் மாதம், எட்டு வருடம் வராமல் இருந்த உள்ளாட்சித் தேர்தல் வந்தது. சென்னியப்பனுக்கு ஐந்தாவது தேர்தல், தண்ணீர்க்குழாய் சின்னம். பொங்கியண்ணன் கெஞ்சிக் கெஞ்சி மற்ற எல்லோரையும் வாபஸ் வாங்க வைத்துவிட்டார், நேருக்கு நேர் போட்டி. எண்ணிக்கை அன்று என்னைப் பதினோராவது வார்டு மேசையில் உட்கார வைத்தார்கள். ஊஞ்சக்காட்டுவலசுப் பெட்டியைக் கவிழ்த்து, கவுன்சிலருக்கான பச்சைச் சீட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டு வந்தபோது ஒரு சீட்டில் எந்தச் சின்னத்தின் மேலும் முத்திரை இல்லை. கடைசிச் சின்னத்துக்குக் கீழே இருந்த வெற்று ஓரத்தில் பென்சிலால் ஒரு பெயர் எழுதி, அந்தப் பெயருக்கு நேராக முத்திரை குத்தியிருந்தது. சென்னியப்பன். மூன்று மெய்யெழுத்துகளுக்கும் புள்ளிகளைப் புள்ளியாக வைக்காமல், சின்னஞ்சிறு வட்டங்களாகப் போட்டிருந்தார்கள், மூக்குத்தித் திருகு அளவு வட்டங்கள்.

நான் அதைத் தண்டபாணி சாரிடம் காட்டினேன்.

“அந்த ஊர்ப் பொட்டியில எப்பவும் ஒண்ணு இப்பிடி வரும்மா. நாலு எலக்சனாப் பாக்கறேன். செல்லாததுல போட்டுட்டு அடுத்ததைப் பாரு.”

போட்டேன். அந்தப் பக்கத்தில் நூறு சென்னியப்பன்கள் இருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் மூன்றாவது வார்டு மேசையில் சத்தம் அடங்கியது. சென்னியப்பனுக்கு இருபத்திரண்டு கட்டும் ஏழும். பொங்கியண்ணனுக்கும் இருபத்திரண்டு கட்டும் ஏழும். மறுபடி எண்ணினார்கள், அதேதான். தேர்தல் அலுவலர் இரண்டு சீட்டில் இரண்டு பெயரை எழுதி, சுருட்டி, யாருடைய சாப்பாட்டு டப்பாவிலோ போட்டுக் குலுக்கினார். யார் எடுப்பது என்று சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கைகாட்டினார். “நீ வாம்மா. நீ இந்த வார்டு ஆளில்ல.”

டப்பாவில் தயிர்சாத வாசனை அடித்தது. நான் எடுத்துக் கொடுத்த சீட்டைப் பிரித்து அவர் வாசித்தார். பொங்கியண்ணன்.

மாலை விழுந்த கழுத்தோடு பொங்கியண்ணன் வந்து சென்னியப்பனின் தோளைத் தட்டினார். “ஊட்டுல ஒரு ஓட்டு இருந்திருந்தா இந்தப் புள்ளைக்கு இந்தச் சிரமம் வந்திருக்குமாப்பா?” எல்லோரும் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்துவிட்டு, என் பக்கம் திரும்பி, “நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க அம்மிணி” என்றார். ஐந்து மேசை தள்ளி, நான் கட்டி வைத்த செல்லாத ஓட்டுக் கட்டுக்கு அப்போதுதான் அரக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் டப்பாவை மூடி வைத்தேன்.

பிறகு நிறைய நாள் அவரை அதே பேருந்தில் பார்த்திருக்கிறேன். வண்டி பழுதாகும் நாட்களில் வருவார். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சீட்டின் ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், எழுதியது யார் என்றும் எனக்கு நிச்சயமில்லை, எல்லாவற்றுக்கும் மேல் எனக்குப் பேச வராது. இறங்குமிடம் வந்துவிடும்.

ஆறாவது தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும் வார்டே மயிலாத்தாளைப் பிடித்துக்கொண்டது. கோயிலில் பார்த்தால் கேட்டார்கள், பால் ஊற்றும் இடத்தில் கேட்டார்கள். “ஒரே ஒரு ஓட்டுக்கா, அண்ணன் மொகத்தைப் பாருங்க.” அவள் வந்துவிட்டால் எண் ஆயிரத்து நூற்றெட்டு ஆகிவிடும், ஒரு முறை உடைந்த எண் அப்புறம் நிற்காது, தனக்கும் இடம் கிடைக்கும் என்று டெய்லர் மாரப்பன் வெறும் கையோடு போகாமல் இரண்டு ரவிக்கை தைத்துக்கொண்டு போய்க் கேட்டார்.

பெரியகாட்டுப்பாளையம் பள்ளியில் வாக்காளர் பட்டியல் சிறப்பு முகாம் நடந்த ஞாயிற்றுக்கிழமை, படிவங்களோடு நான்தான் உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்கு ஒரு பெண் மயிலாத்தாளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். பேருந்தில் முருங்கைக்கீரை உருவிய அதே பெண், பாப்பாத்தி.

“இந்தா அம்மிணி, கூட்டியாந்துட்டேன். பேரு மாத்தற ஃபாரத்தைக் குடு. அண்ணன் வெளிய ஸ்கூல் கேட் பக்கத்துல நிக்கறாரு, உள்ள வரமாட்டேங்கறாரு. நான் போயி மாரப்பண்ணங்கிட்டச் சொல்லிட்டு வந்தர்றேன்.”

அவள் போய்விட்டாள். வகுப்பறையில் நாங்கள் இரண்டு பேர்தான். மயிலாத்தாள் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, பேனாவை அழுத்திப் பிடித்துத் தன் பெயரை எழுதினாள். இரண்டு சின்ன வட்டங்கள். கணவர் பெயர் என்ற கட்டத்தில் எழுதினாள். மூன்று சின்ன வட்டங்கள்.

“உங்க எழுத்தை நான் பார்த்திருக்கேனுங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்டது அதிசயமாக இருந்தது.

“எங்க?”

“ஓட்டு எண்றப்போ. பச்சைச் சீட்டுல, ஓரத்துல.”

அவள் தலையைத் தூக்கவில்லை. பேனா மட்டும் நின்றது. “செல்லாததுல போட்டிருப்பீங்க.”

“ஆமாங்க. நாந்தான் போட்டேன்.”

“அங்கதான் போகும்னு தெரியும் அம்மிணி. போட்டது எனக்குத் தெரிஞ்சாப் போதும்னு இருந்துட்டேன்.”

“அவருக்குத் தெரியாதுங்களா?”

“ஓட்டு ரகசியம்னு நீங்கதானே எழுதி ஒட்டறீங்க” என்று சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது.

“இங்கயே மாத்தியிருக்கலாமேக்கா.”

“கேட்டிருந்தா மாத்தியிருப்பேன். மொதல் எலக்சன்ல லிஸ்ட்டைக் கையில புடிச்சுக்கிட்டு வந்தாரு. இந்தப் பக்கத்து ஊட்டுல கும்பிட்டாரு, அந்தப் பக்கத்து ஊட்டுல கும்பிட்டாரு. நான் எங்கூட்டு வாசல்ல தண்ணிச் சொம்போட நின்னேன். லிஸ்ட்டுல எம்பேரு இல்லீல்ல, தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போய்ட்டாரு. அஞ்சு எலக்சனும் அப்பிடித்தான். பாப்பாத்தி கேட்டா, டெய்லரு கேட்டாரு, ஊரே கேட்டுச்சு, அவரு மட்டும் கேக்குல.”

படிவத்தின் மடங்கிய ஓரத்தை விரலால் நீவிவிட்டாள்.

“அங்க எல்லாரும் சோடியாத்தான் ஓட்டுப் போட வருவாங்க. ஆம்பளைக ஒரு வரிசை, பொம்பளைக ஒரு வரிசை. வெயில்ல நிக்கறப்போ இந்த வரிசையிலிருந்து அந்த வரிசைக்குத் தண்ணி பாட்டிலை மாத்திக்குவாங்க. நான் மட்டும் ஒத்தையா நிப்பேன். அந்த வரிசையில அவரு நின்னா எங்க நிப்பாரு, யாரு பின்னால நிப்பாருன்னு பாத்துக்கிட்டே நகந்து நகந்து உள்ள போயிருவேன். உள்ள போனா எங்க குத்தறதுன்னு தெரியாது. எழுதிட்டு வந்துருவேன்.”

அப்போதுதான் படிவத்தின் மேல் ஒரு நிழல் விழுந்திருப்பதைக் கவனித்தேன். என் பின்னால் ஜன்னல் இருந்தது. கேட்டருகே வெயில் ஏறியதால் சென்னியப்பன் சுவரோரம் நிழலுக்கு வந்து நின்றிருக்க வேண்டும், எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. மயிலாத்தாளும் நிழலைப் பார்த்தாள். நிமிரவில்லை, எழுதவும் இல்லை.

நிழல் நகர்ந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவர் உள்ளே வந்து, குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் அவள் பக்கத்தில் கால்களை மடக்கி உட்கார்ந்தார்.

“அம்மிணி, இன்னொரு ஃபாரம் குடுங்க” என்றார்.

கொடுத்தேன். மயிலாத்தாளின் கையிலிருந்து பேனாவை வாங்கித் தன் பெயரை எழுதினார், தகப்பன் பெயரை எழுதினார், பெரியகாட்டுப்பாளையம் வீட்டு எண்ணை எழுதினார். மாற வேண்டிய முகவரி என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தி, “உங்கப்பாரு ஊட்டுக் கதவு நம்பர் என்ன?” என்று கேட்டார்.

“ரெண்டு பார் நாப்பத்தொண்ணு” என்றாள் அவள்.

எழுதினார். அதற்குக் கீழே ஊஞ்சக்காட்டுவலசு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அவள் பாதி நிரப்பியிருந்த படிவத்தை எடுத்து நான்காக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தன்னுடையதை என்னிடம் நீட்டினார்.